திருக்கார்த்திகை: வாசலில் வைக்கும் விளக்கு யாருக்கு? மூன்று நாளுக்கும் ஒரு முழு வழிகாட்டி

எங்கள் ஊரில் திருக்கார்த்திகை அன்று சாயங்காலம் யாரும் கடிகாரம் பார்ப்பதில்லை. மொட்டை மாடியில் ஏறி அண்ணாமலை இருக்கும் திசையைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். தூரத்தில் கருநீலமாகத் தெரியும் மலையின் உச்சியில் ஒரு பொட்டு மினுக்கும். "ஏத்திட்டாங்க!" என்று யாராவது கத்துவார்கள். அந்தச் சத்தம் கேட்ட பிறகுதான் ஆயா தீப்பெட்டியைக் கையில் எடுப்பார். அதுவரைக்கும் எண்ணெய் விட்டு, திரி போட்டு, அத்தனை அகலும் வரிசையாகக் காத்திருக்கும்.

இப்போது நான் இருப்பது சென்னையில் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பில். மாமியார் வீடு நாகர்கோவில் பக்கம். இரண்டு ஊர்க் கார்த்திகையும் எங்கள் வீட்டில் ஒன்றாகக் கலந்துவிட்டன. கார்த்திகை பிறந்ததும் அக்கம்பக்கத்தில் கேட்கத் தொடங்கிவிடுவார்கள்: எத்தனை விளக்கு, என்ன எண்ணெய், எந்தத் திசை, பொரி உருண்டை ஏன் உதிர்ந்து போகிறது? தெரிந்ததை எல்லாம் வரிசையாக இங்கே எழுதிவிடுகிறேன்.

அதற்கு முன்னால் ஒன்று. பூஜை அறை விளக்கு தினமும் ஏற்றுவது, அது வீட்டுக்காரர்களுக்கு. கார்த்திகை விளக்கு வெளியே வைப்பது. வாசல், திண்ணை, கிணற்றடி, மாட்டுக்கொட்டகை, குப்பைமேடு என்று எல்லா இடத்துக்கும் போகும். இந்த நாளில் விளக்கேற்றும்போது சொல்லும் பழைய சுலோகம் ஒன்று உண்டு. 'கீடா: பதங்கா: மசகாச்ச வ்ருக்ஷா:' என்று தொடங்கும். புழு, பறவை, கொசு, மரம், நீரிலும் நிலத்திலும் வாழும் உயிர்கள், எந்தக் குலத்தில் பிறந்த மனிதரானாலும் சரி, இந்த ஒளியைக் கண்ட எல்லோருக்கும் மறுபிறவி இல்லாமல் போகட்டும் என்பது அதன் கருத்து. கொசு வரைக்கும் பட்டியலில் இருக்கிறது, பாருங்கள். ஏற்றியவருக்கு என்ன கிடைக்கும் என்று அது பேசவே இல்லை. இதை மனதில் வைத்துக்கொண்டால் மூன்று நாளும் செய்வதற்கெல்லாம் காரணம் தானாகவே விளங்கும்.

எந்த நாள் என்று பார்ப்பது

கார்த்திகை மாதத்தில் கார்த்திகை நட்சத்திரம் மாலையில் இருக்கும் நாள்தான் தீப நாள். பெரும்பாலும் பௌர்ணமியோ அதை ஒட்டிய நாளோ ஆக இருக்கும். ஆங்கில மாதக் கணக்கில் நவம்பர் நடுவிலிருந்து டிசம்பர் நடுவுக்குள் மாறிக்கொண்டே இருக்கும். 2023இல் நவம்பர் 26, 2024இல் டிசம்பர் 13, 2025இல் டிசம்பர் 3 என்று வந்தது.

நட்சத்திரமும் பௌர்ணமியும் வேறு வேறு நாளில் விழுந்தால்தான் குழப்பம். கார்த்திகை நட்சத்திர நாளில் முருகன் கோயில்களில் ஏற்றுவது குமாராலய தீபம். பௌர்ணமியில் மற்ற கோயில்களில் ஏற்றுவது சர்வாலய தீபம். ரோகிணியில் பெருமாள் கோயில்களில் ஏற்றுவது விஷ்ணுவாலய தீபம். பாஞ்சராத்திர தீபம் என்றும் சொல்வார்கள். நாட்காட்டியில் இந்த மூன்று பெயரும் அடுத்தடுத்து அச்சாகியிருப்பது இதனால்தான். வீட்டில் ஏற்ற, திருவண்ணாமலையில் மகா தீபம் ஏற்றும் நாளை எடுத்துக்கொண்டால் போதும். உங்கள் குடும்பத்தில் பௌர்ணமிதான் வழக்கம் என்றால் அதையே செய்யுங்கள். இதற்காகச் சண்டை போட்ட வீடுகளை எனக்குத் தெரியும், தேவையே இல்லை.

ஏன் விளக்கு: கதைகள்

தீபாவளியைவிடக் கார்த்திகை நம்மிடம் மிகப் பழையது. அகநானூற்றில் நக்கீரர் பாட்டு ஒன்றில், மழை ஓய்ந்த வானத்தில் நிலவு நிறைந்து அறுமீனோடு சேரும் நள்ளிரவில், தெருவில் விளக்கு வைத்து மாலை தொங்கவிடும் விழா வருகிறது. அறுமீன் என்றால் கார்த்திகை. அப்போதும் விளக்கு தெருவில்தான் இருந்திருக்கிறது. ஞானசம்பந்தர் மயிலைப் பூம்பாவைப் பதிகத்தில், கார்த்திகை நாளின் விளக்கீட்டைக் காணாமல் போய்விடுவாயோ என்று கேட்கிறார். அந்த 'விளக்கீடு' என்ற சொல் இன்றைக்கும் யாழ்ப்பாணத்தில் இந்தப் பண்டிகையின் பெயராகவே வழங்குகிறது. அங்கே வாசலில் வாழைக்குற்றி நட்டு அதன் தலையில் விளக்கேற்றுவார்கள். துணி சுற்றி எண்ணெயில் நனைத்த சின்னப் பந்தங்களை வளவு முழுக்கக் குத்தி வைப்பார்கள்.

சிவன் கோயில் கதை எல்லோருக்கும் தெரிந்ததுதான். நான் பெரியவனா நீ பெரியவனா என்று பிரம்மாவுக்கும் திருமாலுக்கும் வாதம். நடுவில் அடிமுடி தெரியாத நெருப்புத் தூணாகச் சிவன் நிற்கிறார். அன்னமாகப் பறந்த பிரம்மாவுக்கு முடி கிடைக்கவில்லை, பன்றியாகத் தோண்டிய திருமாலுக்கு அடி கிடைக்கவில்லை. மேலிருந்து விழுந்துகொண்டிருந்த தாழம்பூவைப் பொய்சாட்சி சொல்ல வைத்தார் பிரம்மா. அதனால்தான் சிவபூஜையில் தாழம்பூ கிடையாது. அந்த நெருப்பு குளிர்ந்து மலையானது அண்ணாமலை என்பது தலபுராணம். பஞ்சபூதத் தலங்களில் அது அக்கினித் தலம்.

எனக்கு இதைவிடப் பிடித்தது இதற்கு அடுத்து வரும் பகுதி. அடிமுடி தேடிப் போன இரண்டு பேருக்கும் கிடைக்காததை உமையம்மை தவம் இருந்து, மலையைச் சுற்றி நடந்தே பெற்றுவிடுகிறார். இறைவனின் இடப்பாகம் அவருக்குக் கிடைத்த நாள் இந்தக் கார்த்திகை என்கிறார்கள்.

முருக பக்தர்களுக்கு இது, சரவணப் பொய்கையில் ஆறு குழந்தைகளை வளர்த்த கார்த்திகைப் பெண்களைக் கொண்டாடும் நாள். வைணவத்தில் காஞ்சிபுரத்துத் தூப்புலில் இருக்கும் விளக்கொளிப் பெருமாள் கதை சொல்வார்கள்: பிரம்மாவின் வேள்வியைக் கெடுக்க அசுரர்கள் உலகத்தை இருளாக்கியபோது பெருமாளே விளக்காக நின்று ஒளி கொடுத்தார் என்று. ஆக, கார்த்திகை யாருடைய பண்டிகை என்று கேட்டால் எல்லோரும் கை தூக்குவார்கள்.

ஒரு வாரம் முன்பே செய்ய வேண்டியவை

*அகல்.* புது அகல்களை ஒரு பாத்திரத்தில் தண்ணீர் விட்டு முழு இரவும் ஊற வையுங்கள். காலையில் எடுத்துக் கவிழ்த்து, நன்றாக வெயிலில் காய விடுங்கள். ஊற வைக்காத மண் அகல் எண்ணெயை உறிஞ்சிக்கொள்ளும், அடியில் கசியும், தரையில் வட்டம் வட்டமாகக் கறை பிடிக்கும். ஈரம் காயாத அகலில் திரி படபடவென்று பொரியும். ஆகவே கடைசி நாளில் வாங்காதீர்கள். பெயிண்ட் அடித்து மினுமினுப்பு ஒட்டிய அகல்களைப் பற்றி என் கருத்து: வேண்டாம். சூடேறினால் அந்தப் பூச்சு நாறும். பானை விற்பவரிடம் சாதா மண் அகலாகக் கேட்டு வாங்குங்கள். பழைய அகல் இருந்தால் தாராளமாக மறுபடி பயன்படுத்தலாம். அவற்றோடு நான்கைந்து புதிதும் சேர்ப்பது எங்கள் வீட்டு வழக்கம்.

*எத்தனை?* 27 நட்சத்திரத்துக்கு 27 என்று ஒரு கணக்கு உண்டு. ஆயா எண்ணியதே இல்லை. "எங்கெல்லாம் இருட்டா இருக்கோ அங்கெல்லாம் ஒண்ணு" என்பதுதான் அவர் கணக்கு.

*திரி.* பஞ்சுத்திரி போதும். ஏற்றுவதற்கு ஒரு மணி நேரம் முன்பே எண்ணெயில் நனைத்து வைத்துவிடுங்கள். நுனியில் துளி கற்பூரப் பொடி தொட்டு வைத்தால் காற்றிலும் சட்டென்று பிடித்துக்கொள்ளும். திரியின் நுனி அகலின் மூக்கைத் தாண்டி ஒரு நெல் நீளம் மட்டும் வெளியே இருக்கட்டும். அதிகம் நீட்டினால் புகை, குறைந்தால் நின்றுவிடும்.

*எண்ணெய்.* நல்லெண்ணெய் போதும். வசதி இருந்தால் பூஜை அறை விளக்குக்கு மட்டும் நெய். எங்கள் ஊரில் முன்பு இலுப்பெண்ணெய்தான். இலுப்பை மரங்கள் குறையக் குறைய அதுவும் போய்விட்டது. சின்ன அகலுக்கு இரண்டு மூன்று டீஸ்பூன் விட்டால் ஒரு மணி நேரம் தாராளமாக எரியும். கடையில் 'விளக்கு எண்ணெய்' என்று விற்பதில் என்னென்ன கலந்திருக்கிறது என்று நமக்குத் தெரியாது. சமையலுக்கு வாங்கும் நல்லெண்ணெயையே நான் எடுத்துக்கொள்கிறேன்.

முதல் நாள்: பரணி

தீபத்துக்கு முதல் நாள் மாலை பரணி தீபம். வீட்டு வாசலில் இரண்டு, பூஜை அறையில் ஒன்று, துளசி மாடம் இருந்தால் அங்கே ஒன்று. அவ்வளவுதான். பரணி எமனுக்குரிய நட்சத்திரம் என்பதால், இறந்த முன்னோர் போகும் வழிக்கு வெளிச்சம் காட்டுவதாக இதைச் சொல்வார்கள்.

கார்த்திகை விரதம் இருப்பவர்களுக்கும் இதுதான் தொடக்கம். பரணி அன்று பகலில் ஒரு வேளை மட்டும் சாப்பிடுவார்கள். கார்த்திகை நாள் முழுக்க உபவாசம். ரோகிணி அன்று காலையில் குளித்து வழிபட்டுப் பாரணை, அதாவது விரதம் முடித்துச் சாப்பிடுவது. நாரதர் இந்த விரதத்தைப் பன்னிரண்டு ஆண்டுகள் இருந்தார் என்று சொல்வார்கள். முடியாதவர்கள் பால், பழம் எடுத்துக்கொள்ளலாம். சர்க்கரைக்கு மாத்திரை போடுகிறவர்கள் முழு உபவாசத்தில் இறங்க வேண்டாம். விளக்கேற்றுவதுதான் இந்த நாளின் முக்கியமான காரியம்.

பொரி உருண்டை உதிராமல் இருக்க

கார்த்திகைக்கு நெல்பொரி. நெல்லையே வறுத்துப் பொரிப்பது, வெள்ளைப் பூ மாதிரி இருக்கும். அவல்பொரியிலும் செய்யலாம். நெல்பொரி வாங்கினால் ஒரு முறத்தில் கொட்டி, ஒட்டியிருக்கும் உமியைப் பொறுமையாக எடுங்கள். ஒரே ஒரு உமி தொண்டையில் குத்தினால் பண்டிகை கெட்டுவிடும்.

அளவு: நான்கு கப் பொரிக்கு ஒரு கப் பொடித்த வெல்லம், கால் கப் தண்ணீர். வெல்லத்தைக் கரைத்து மண் போக வடிகட்டி, அடிகனமான வாணலியில் காய்ச்சுங்கள். பொங்கி நுரைத்து அடங்கும்போது ஒரு கிண்ணத் தண்ணீரில் ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள். கையால் உருட்ட வந்து, அந்த உருண்டையைத் தட்டில் போட்டால் 'டங்' என்று சத்தம் கேட்க வேண்டும். அதுதான் பதம். சத்தம் வராமல் மெத்தென்று விழுந்தால் இன்னும் கொஞ்சம் காயட்டும். உருண்டை உதிர்கிறது என்று வருத்தப்படுகிறவர்களில் பத்தில் ஒன்பது பேர் இந்த இடத்தில் அவசரப்பட்டவர்கள்தான்.

அடுப்பை அணைத்து, ஏலக்காய், சுக்குப் பொடி, நெய்யில் வறுத்த தேங்காய்ப் பல், ஒரு கைப்பிடி பொட்டுக்கடலை சேர்த்து, பொரியையும் கொட்டிக் கிளறுங்கள். கையில் அரிசி மாவு தொட்டுக்கொண்டு சூடாக இருக்கும்போதே பிடிக்க வேண்டும். ஆறிவிட்டால் ஒட்டாது. ஒரு ஆள் கிளற, இரண்டு ஆள் பிடிக்க என்று உட்கார்ந்தால் கை பொறுக்கும்.

மாமியார் ஊரில் பொரியைவிட ஓலைக் கொழுக்கட்டைக்குத்தான் மரியாதை. பனங்குருத்து ஓலையைச் சாண் அளவுக்கு நறுக்கிக் கழுவிக்கொள்வார்கள். பச்சரிசி மாவில் கருப்பட்டிப் பாகு, தேங்காய்த் துருவல், வறுத்து உடைத்த சிறுபயறு, சுக்கு, ஏலம் சேர்த்துக் கெட்டியாகப் பிசைந்து, ஓலைக்குள் நீளமாக வைத்து, இன்னொரு ஓலையால் மூடிக் கட்டி ஆவியில் வேக வைப்பார்கள். வேகும்போது ஓலையின் வாசனை மாவில் இறங்கும். சென்னையில் குருத்தோலைக்கு நான் அலைந்த அலைச்சல் தனிக் கதை. ஒரு வருடம் வாழை இலையில் வைத்து அவித்தேன். மாமியார் ஒன்றும் சொல்லவில்லை, ஒன்றுக்கு மேல் எடுத்துக்கொள்ளவும் இல்லை.

இரண்டாம் நாள்: ஆறு மணி

மதியமே வீட்டைத் துடைத்து, வாசலில் பெரிய கோலம் போட்டுச் செம்மண் கட்டிவிடுங்கள். அகல்களுக்கு மஞ்சள் குங்குமம் இடுங்கள். நான்கு மணிக்குள் எண்ணெயும் திரியும் தயாராக இருக்கட்டும். ஆறு மணிக்கு மேல் தேடிக்கொண்டிருந்தால் நிம்மதி இருக்காது.

முதலில் பூஜை அறையில் குத்துவிளக்கு. பொரி, பழம், வெற்றிலை பாக்கு, தேங்காய் நைவேத்தியம். மலையில் தீபம் ஏற்றியதும் (இப்போது தொலைக்காட்சி இருக்கிறது, மாடி ஏற வேண்டாம்) குத்துவிளக்கிலிருந்து ஒரு அகலை ஏற்றுங்கள். அந்த அகலிலிருந்துதான் மற்றவற்றை ஏற்ற வேண்டும். ஒவ்வொன்றுக்கும் தீக்குச்சி கிழிப்பது வழக்கமில்லை. எத்தனை விளக்கு ஆனாலும் மூலம் ஒரே சுடர்.

எங்கெங்கே வைப்பது? வாசற்படியின் இரு பக்கம், கோலத்தின் நடுவில், மாடப் பிறை, ஜன்னல் மேடை, சமையலறை, துளசி, கிணறு, கொல்லைப்புறம், மாடி, மாட்டுக்கொட்டகை. ஆயா அம்மிக்கல்லுக்கும் உரலுக்கும்கூட ஒன்று வைப்பார். திசை கேட்கிறவர்களுக்கு: கிழக்கும் வடக்கும் நல்லது, தெற்கு வேண்டாம் என்பது பொதுவான வழக்கம். குத்துவிளக்குக்கு அதைப் பார்த்துக்கொள்ளுங்கள். வெளியே நாற்பது அகலை வைத்துவிட்டு ஒவ்வொன்றாகத் திசை திருப்பிக்கொண்டிருந்தால் எண்ணெய்தான் தீரும்.

சில வீடுகளில் இந்த நாளில் பெண்கள் உடன்பிறந்தவர்களுக்காக வேண்டிக்கொண்டு விளக்கேற்றுவார்கள். அண்ணன் தம்பிகளிடமிருந்து கார்த்திகைச் சீர் வரும். எங்கள் வீட்டில் அந்த வழக்கம் இல்லை. இருந்தும் தம்பி வருடம் தவறாமல் ஒரு கட்டு அகல் அனுப்புகிறான்.

அடுக்குமாடியில் இருப்பவர்கள் கவனிக்க வேண்டியது: பொது நடையில் வைக்கும் விளக்குகளைச் சுவரோரமாக, ஒரு தாம்பாளத்தில் மணல் பரப்பி அதன்மேல் வையுங்கள். மிதியடியையும் செருப்பு அடுக்கையும் எடுத்துவிடுங்கள். துப்பட்டாவும் தொங்கும் சேலைத் தலைப்பும்தான் இந்த நாளின் பெரிய ஆபத்து, முடிந்து செருகிக்கொள்ளுங்கள். ஜன்னல் மேடையில் வைத்தால் திரைச்சீலையைக் கழற்றிவிடுவது உத்தமம். ஒரு வருடம் நான் கட்டி மட்டும் வைத்தேன். காற்றில் அவிழ்ந்து நுனி பொசுங்கியது. நல்லவேளை, பக்கத்திலேயே இருந்தேன்.

மழை வந்தால்? "கர்ணனுக்குப் பின் கொடையும் இல்லை, கார்த்திகைக்குப் பின் மழையும் இல்லை" என்பார்கள். ஆனால் கார்த்திகையில் மழை உண்டே. மாடியில் வைக்க முடியாவிட்டால் வாசலிலும் ஜன்னலிலும் வையுங்கள், போதும்.

இன்னொன்று, விளக்கை 'அணை' என்று சொல்ல மாட்டார்கள். வாயால் ஊதுவதும் கிடையாது. பூவாலோ, திரியை எண்ணெய்க்குள் இழுத்தோ குளிர வைப்பார்கள். தானாக எரிந்து நின்றுவிட்டால், "மலையேறிடுச்சு" என்பார் ஆயா. அண்ணாமலையைப் பார்த்துக்கொண்டே அவர் அதைச் சொல்வதால், எல்லா விளக்கும் எரிந்து முடிந்ததும் நிஜமாகவே அந்த மலைக்குத்தான் போய்ச் சேர்கின்றன என்று ரொம்ப நாள் நம்பியிருந்தேன்.

மாவளியும் சொக்கப்பனையும்

விளக்கேற்றிய கையோடு பிள்ளைகள் வெளியே ஓடுவது மாவளி சுற்றத்தான். இப்போது பல ஊர்களில் மறுபடி செய்யத் தொடங்கியிருக்கிறார்கள். செய்முறை இதுதான்.

காய்ந்த பனம்பூ வேண்டும். ஆண் பனையில்தான் கிடைக்கும். ஒரு குழியில் போட்டுக் கொளுத்தி, நன்றாகப் பிடித்ததும் மண்ணாலோ ஈரச் சாக்காலோ மூடிவிட வேண்டும். சாம்பலாகாமல் கரியாக நிற்க வேண்டும் என்பதுதான் நோக்கம். ஆறியதும் நுணுக்கிச் சலித்து, கொஞ்சம் உப்பு சேர்த்துக்கொள்ளுங்கள். பழைய பருத்தி வேட்டித் துணியில் சாண் நீளத்துக்குக் குழாய் மாதிரி தைத்து, அதில் இந்தப் பொடியை இறுக அடைத்து வாயைக் கட்டுங்கள். பச்சைப் பனைமட்டையைப் பிளந்து மூன்று துண்டாக்கி, நடுவில் துணிப் பொட்டலத்தை வைத்து இரண்டு முனையிலும் கட்டி, நீளமான கயிறு பிணைத்துவிட்டால் மாவளி தயார். மேல் முனையில் ஒரு நெருப்புக் கங்கு வைத்து, பிடித்துக்கொண்டதும் தலைக்கு மேலே சுற்ற வேண்டும். பொறிகள் பூவாகக் கொட்டும். வெடிச்சத்தம் கிடையாது, 'உர்ர்' என்று கயிறு காற்றை அறுக்கும் ஓசை மட்டும்தான். திறந்த வெளியில், வைக்கோல் போருக்கு வெகு தூரத்தில், பருத்தி உடை போட்டுக்கொண்டு, பெரியவர் ஒருவர் உடனிருந்து செய்யுங்கள். பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீர்.

மாவளி என்ற பெயரை மகாபலியோடு சேர்த்து ஒரு கதை சொல்வார்கள். வேதாரண்யம் கோயிலில் ஒரு எலி விளக்கின் நெய்யைக் குடிக்க வந்தது. மூக்கு சுட்டுத் தலையை உதறியதில், மங்கிக்கொண்டிருந்த திரி தூண்டப்பட்டு விளக்கு பிரகாசமானது. தெரியாமல் செய்த அந்தக் காரியத்துக்காக அது அடுத்த பிறவியில் மூவுலகும் ஆளும் மாவலியாகப் பிறந்தது. அப்பர் தேவாரத்திலேயே இந்த எலி வருகிறது. நெய் திருட வந்த எலிக்கே இவ்வளவு என்றால், சுலோகத்துப் பட்டியலில் கொசுவுக்கு இடம் இருப்பதில் ஆச்சரியம் என்ன?

சொக்கப்பனை கோயில் வாசலில் நடப்பது. பனைமரத் துண்டை நட்டு, காய்ந்த பனையோலைகளைக் கூம்பாகக் கட்டி, பூஜை முடிந்ததும் கொளுத்துவார்கள். அடிமுடி தெரியாமல் நின்ற நெருப்புத் தூணை ஊருக்கு நடுவில் கண்ணால் பார்ப்பது இதில்தான். எரிந்த கரியை நெற்றியில் இட்டுக்கொள்வார்கள்; வயலில் தூவ எடுத்துப் போவார்கள்.

திருவண்ணாமலைக்கே போகிறவர்களுக்கு

கொடியேற்றத்திலிருந்து பத்தாவது நாள் தீபம். ஏழாம் நாள் தேர். பத்தாம் நாள் விடியற்காலை நான்கு மணி வாக்கில் கருவறையில் பரணி தீபம் ஏற்றுவார்கள். வீட்டில் முதல் நாள் மாலை. கோயிலில் தீப நாளின் விடியலில். ஒரு சுடரிலிருந்து ஐந்து ஏற்றி, அவற்றை மறுபடி ஒன்றாகச் சேர்ப்பார்கள். 'ஏகன் அநேகன்' என்று மணிவாசகர் சொன்னதைச் செய்து காட்டுவது மாதிரி இருக்கும்.

மாலையில் பஞ்சமூர்த்திகள் வந்து அமர்ந்ததும், ஆறு மணிக்குச் சற்று முன்பு அர்த்தநாரீசுவரர் ஆடிக்கொண்டே வெளியே வருவார். இரண்டே நிமிடம் போல்தான் தரிசனம். அந்த நேரத்தில் கொடிமரத்தின் முன் அகண்ட தீபம் ஏற, 2,668 அடி உயர மலை உச்சியில் மகா தீபம் ஏறும். மேலே இருப்பது ஆள் உயரச் செப்புக் கொப்பரை. ஆயிரக்கணக்கான கிலோ நெய், ஆயிரம் மீட்டருக்கு மேல் காடாத் துணித் திரி, கற்பூரம். அதை ஏற்றும் உரிமை பரம்பரையாகப் பர்வதராஜகுல மரபினருடையது. கோயிலுக்குள் இடம் கிடைக்காவிட்டாலும் கவலை வேண்டாம். அந்த ஒளி பல மைல் தூரத்துக்குத் தெரியும், பதினொரு நாள் எரியும். கூட்டத்துக்குப் பயப்படுகிறவர்களும் வயதானவர்களும் நான்கைந்து நாள் கழித்துப் போவதே நல்லது. நெருக்கடி இல்லாமல் அதே தீபத்தைப் பார்க்கலாம்.

கிரிவலம் 14 கிலோமீட்டர். நிதானமாக நடந்தால் நான்கு, ஐந்து மணி நேரம். செருப்பில்லாமல், சாலையின் இடப்பக்கமாக நடப்பது மரபு. வழியில் இந்திர லிங்கம் தொடங்கி ஈசான்ய லிங்கம் வரை எட்டு லிங்கங்கள். மலை ஏறுவதற்கு அந்தந்த வருடம் என்ன அனுமதி என்று கேட்டுக்கொண்டு போங்கள். 2024 டிசம்பர் 1 அன்று பெருமழையில் மலைச்சரிவு ஏற்பட்டு அடிவாரத்தில் ஏழு பேர் இறந்தார்கள். அந்த ஆண்டு தீபத்துக்குப் பக்தர்களை மேலே விடவில்லை. அதில் வருத்தப்பட ஒன்றும் இல்லை. கீழே இருந்து பார்ப்பதற்காகத்தானே அதை உச்சியில் ஏற்றுகிறார்கள்?

தீபம் நிறைந்ததும் கொப்பரையைக் கீழே கொண்டு வந்து தீப மை எடுப்பார்கள். மார்கழித் திருவாதிரை அன்று நடராஜருக்குச் சாத்திவிட்டுத்தான் அது பக்தர்களுக்குக் கிடைக்கும்.

மூன்றாம் நாள்: குப்பைக் கார்த்திகை

இதை நகரத்தில் பெரும்பாலும் விட்டுவிட்டோம். கொல்லைக் கார்த்திகை, தோட்டக் கார்த்திகை என்று ஊருக்கு ஒரு பெயர். முந்தின நாள் விளக்குகளில் நான்கைந்தை எடுத்து, தோட்டத்திலும் எருக்குழியிலும் குப்பைமேட்டிலும் ஏற்றுவார்கள். வருடம் முழுக்க நாம் கழித்துப் போட்டதை வாங்கிக்கொண்ட இடம், அடுத்த பட்டத்துக்கு உரமாக வயலுக்குப் போகப்போகும் இடம். அதற்கும் ஒரு நாள் உண்டு.

எங்கள் குடியிருப்பில் குப்பைமேடு இல்லை. பின்பக்கம் பச்சை, நீலத் தொட்டிகள்தான் இருக்கின்றன. பிளாஸ்டிக் தொட்டிக்கு அருகில் வைக்கக் கூடாது என்பதால், இரண்டடி தள்ளி மதில் ஓரத்தில் ஒரு செங்கல்மேல் வைக்கிறேன். முதல் வருடம் காவலாளி அண்ணா ஓடி வந்து, "அங்க எதுக்கும்மா வைக்கிறீங்க?" என்று கேட்டார். சொன்னேன். இப்போது மூன்றாம் நாள் சாயங்காலம் அவரே அந்த இடத்தைப் பெருக்கி வைத்துவிடுகிறார்.

அடுத்த நாள் அகல்களைச் சேகரித்து, திரி எல்லாம் எடுத்துவிட்டு, சுடுதண்ணீரில் சீயக்காய்த் தூள் போட்டு ஊற வைத்துத் தேய்த்தால் பிசுக்கு போய்விடும். நன்றாகக் காய வைத்து, செய்தித்தாளில் சுற்றி அட்டைப் பெட்டியில் போட்டு மேலே ஏற்றிவிடுங்கள். விரிசல் விட்டதை மட்டும் தனியே எடுத்து, துளசித் தொட்டியின் அடியில் உடைத்துப் போட்டுவிடலாம்.